மூன்று தட்டு, அப்புறம் ஒன்று

ஹார்லன் ஃபால்ஸ், ஒஹாயோ
மே 28, 1974. இரவு

மார்சி,

இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் மடித்து வைத்துவிடு, அப்புறம் படி. உன் அம்மாவுக்குக் காட்டாதே. உன் தம்பி அலனுக்குக் காட்டவே காட்டாதே. படித்ததும் கிழித்துப் போடு. மூன்று மாதமாக ஒரு வரி எழுதாதவள் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று நினைப்பாய். கேட்கக் கூடாதுதான். ஆனால் எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் அறையில், மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கொல்லைக் கதவு பக்கத்திலேயே இருக்கிறது, நீ எப்போதும் வருகிற அந்தக் கதவு. மேலே என் அறையில் விளக்கைப் போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பண்டிகை முடிந்து, வானத்தில் நட்சத்திரம் வந்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அந்த அளவுக்காவது ஒழுங்காக இருக்கிறேன்.

இன்று ஷவுவோத் பண்டிகையின் இரண்டாம் நாள். ஜெபக்கூடத்தில் இறந்தவர்களுக்கான ஜெபம் தொடங்கும் முன் அப்பா அம்மா இருக்கிறவர்கள் எல்லாரும் எழுந்து வெளியே வந்தோம். கோட்டு மாட்டுகிற கூடத்தில் நான், நம் சங்கத்து ஹோவி, மற்றச் சின்னப் பிள்ளைகள். போன வருஷம் இதே சுவரில் நீயும் நானும் சாய்ந்துகொண்டு, யார் வீட்டு சீஸ் கேக் முதலில் தீரும் என்று பந்தயம் கட்டினோம். இந்த வருஷம் நீ இங்கே இருந்திருந்தால் உள்ளேதான் நின்றிருப்பாய். அது தோன்றியதும் அந்தக் கூடம் ரொம்பப் பெரிதாகிவிட்டது.

அப்போது கதவு திறந்து மிஸ்டர் பெர்லோ வெளியே வந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் எழுந்து வந்து நான் பார்த்ததே இல்லை. பிப்ரவரியில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு கோல் ஊன்றித்தான் நடக்கிறார். நேராக என்னிடம் வந்தார்.

"ரோண்டா, என் ஜெபப் புத்தகம் பைண்டிங்லருந்து வந்துருச்சா?"

"எந்தப் புத்தகம், மிஸ்டர் பெர்லோ?"

"டெப்லிட்ஸ் பொண்ணு வாங்கிட்டுப் போனாளே, டிசம்பர்ல, ஹனுக்கா பண்டிகை அப்போ. முதுகு கிழிஞ்சிருக்கு, தச்சுத் தரேன்னு. அதோட முதல் பக்கத்துலதான் நாலு பேரோட நாளும் எழுதியிருக்கேன்."

"கேட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் கேளு. முன்ன எல்லாம் தலைக்குள்ள இருந்துச்சு. தலைக்குள்ள இருந்தத ஆஸ்பத்திரில வெச்சுட்டு வந்துட்டேன். அம்மாவும் பெரியவளுங்க ரெண்டு பேரும் குளிர்காலம், அதுக்கு இன்னும் நாளிருக்கு. ஃபெய்கே கோடை. கோடை விரதத்துக்கு முன்னால ஒரு நாள். எந்த நாளுன்னு அந்தப் புத்தகத்துக்குத்தான் தெரியும்."

ஃபெய்கே அவருடைய கடைசித் தங்கை. போர் முடிந்து, ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அம்மாவும் மூன்று தங்கைகளும் கொல்லப்பட்ட நாட்கள் அவருக்குத் தெரியும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். ஜெபக்கூட ஆபீஸில் ஊரில் உள்ள எல்லாருடைய நினைவு நாட்களும் அட்டையில் இருக்கின்றன, அவருடையது மட்டும் இல்லை. நாம் கேட்டதற்கு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? "பட்டியல்ல பேரு ஏறுனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தவன் நான். என் தங்கச்சிங்க பேரு இனி எந்தப் பட்டியல்லயும் ஏறாது."

புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறது, கிளீவ்லாண்டில் உன் மேஜை மேல் பத்திரமாக இருக்கிறது என்று எழுது. தயவுசெய்து எழுது. ஜூன் 16ஆம் தேதி பெரியவர்கள் கூட்டம். நம் யூத இளைஞர் சங்கத்தில் ஆறு பேர்தான் மிச்சம், எதற்குத் தனி அறை என்று பேச்சு. கல்லறைக் குழுத் தலைவர் என் அப்பா, உனக்குத் தெரியும். "பசங்க கையில சாவி எதுக்கு?" என்று இரண்டு வாரமாகச் சொல்கிறார். நாம் ஒரு கிழவருடைய புத்தகத்தைத் தொலைத்தோம் என்று தெரிந்தால் சங்கம் முடிந்தது.

பதிலை வட்டாரச் செய்திமடல் வருகிற மாதிரி நீளக் கவரில் போட்டு, 'தலைவி, இளைஞர் சங்கம்' என்று எழுதி அனுப்பு. அதை என்னைத் தவிர யாரும் பிரிக்க மாட்டார்கள்.

ரோண்டா


கிளீவ்லாண்ட்
ஜூன் 3

ரோண்டா,

நீளக் கவர் கேட்டாய், அனுப்பியிருக்கிறேன். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு இடத்திலாவது 'நீ எப்படி இருக்கிறாய்' என்று இருக்கிறதா என மறுபடி தேடுவதற்காக வைத்திருக்கிறேன். இதுவரை அகப்படவில்லை.

அப்பா இறந்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஏழு நாளும் சாப்பாடு வந்தது. திங்கள் கோழி, செவ்வாய் நூடுல்ஸ், புதன் பார்லி சூப். யார் என்றைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று நீ பட்டியல் போட்டு ஊரெல்லாம் போன் செய்தாய் என்று பிறகு சொன்னார்கள். எல்லாரும் உன்னைப் பாராட்டினார்கள். ஊரே வந்து எங்களோடு தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. நீ வரவில்லை. வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தேன். பனியில் உன் பூட்ஸ் தடம் வாசற்படி வரை வந்திருந்தது, அப்படியே திரும்பிப் போயிருந்தது. படியில் ஒரு பாத்திரம்.

ஊரை விட்டுப் போகும் அன்று 'உனக்குப் பட்டியல் போடத்தான் தெரியும்' என்று நான் சொன்னது அதனால்தான். நீ காரணம் கேட்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

புத்தகம் என்னிடம் இல்லை. மளிகைக் கடைப் பழுப்புப் பையில் சுற்றி, நீலக் கம்பளி நூலால் கட்டி, சங்க அறையில் வைத்தேன். ஜனவரி முதல் ஞாயிறு அப்பா பிட்ஸ்பர்க் போகிறபோது பைண்டரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த ஞாயிறுதான் அப்பாவை அடக்கம் செய்தோம். பிறகு எனக்கு அந்தப் புத்தகம் நினைவே இல்லை, நீ எழுதும் வரை.

அலமாரிக்குப் பக்கத்தில் பழைய புத்தகப் பெட்டிகள் மூன்று இருந்தன அல்லவா? மூன்றாவதன் மேல் வைத்தேன் என்று நினைக்கிறேன். போய்ப் பார்.

அந்தப் பெட்டிகள் அங்கேதானே இருக்கின்றன?

மார்சி


ஹார்லன் ஃபால்ஸ்
ஜூன் 6. இரவு

மார்சி,

இல்லை.

அந்தப் பெட்டிகளைப் புதைத்துவிட்டோம். ஏப்ரல் கடைசி ஞாயிறு. நீ தொடங்கிவைத்த வேலை, நான் தலைவியாகி முதலில் முடித்த வேலை அதுதான். கடவுள் பெயர் எழுதியதைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணுக்குத்தான் தர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கிழிந்த புத்தகங்களை வாங்கினோமே, அந்த மூன்று பெட்டியும். வேலி ஓரம், மேப்பிள் மரத்தடியில் அப்பா குழி வெட்டச் சொன்னார். ஞாயிறு என்பதால் இருபது பேர் வந்தார்கள். ஒரு ஆளைப் புதைக்கிற மாதிரியே காதிஷ் ஜெபமும் சொன்னார்கள். நான் எழுதி வைத்திருந்த பேச்சைப் படித்தேன், குரல் நடுங்கவில்லை. அப்பா என் தோளில் கை வைத்தார். மார்சி இதைப் பார்க்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

நீல நூல் கட்டிய பொட்டலத்தை நான்தான் வைத்தேன். என் கையால். மற்றதெல்லாம் பெட்டியோடு இறங்கியது, அது மட்டும் மேலே தனியாக இருந்தது. அவிழ்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு அழகாகக் கட்டியிருந்ததால், யாரோ தன் பழைய புத்தகத்துக்குச் செய்த கடைசி மரியாதை என்று நினைத்தேன். குழியில் இறங்கி, ஒரு குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி வைத்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்த நீல முடிச்சுதான் தெரிகிறது.

பனியில் இருந்தது என் தடம்தான். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. உன் வாசலில் நின்றேன், உள்ளே உன் அம்மா அழுவது கேட்டது. நான் வந்து என்ன சொல்வேன் என்று பயம். சொல்ல ஒன்றுமில்லாமல் ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று கண்டுபிடித்தேன். நம் போன் நோட்டு. பெர்லோவின் நினைவு நாட்களுக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டுமென்று ஒவ்வொரு முறையும் யாரையெல்லாம் கூப்பிட்டோம் என எழுதி வைப்பேனே. ("செத்துப்போன போன் டைரக்டரி" என்று நீ கேலி செய்த அதே நோட்டு.) மூன்று குளிர்கால நாட்களும் அதில் இருக்கின்றன. 'பெர்லோ, மாலை ஜெபம்' என்று மட்டும்தான், பெயர் இல்லை. சமையலறையில் தொங்குகிற நாள்காட்டியோடு ஒப்பிட்டு நம் யூத மாதக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். அம்மா, இரண்டு பெரிய தங்கைகள், மூவரும் கிடைத்துவிட்டார்கள்.

கோடையில் சங்கம் இல்லை. எல்லாரும் விடுமுறை முகாமுக்குப் போய்விடுவோம். அதனால் ஃபெய்கேவுக்கு மட்டும் நோட்டில் ஒரு வரியும் இல்லை. விரதம் ஜூலை 7. அதற்கு முன்னால் எந்த நாளும் அவளுடைய நாளாக இருக்கலாம். நேற்றாகவும் இருக்கலாம்.

நோட்டைப் புரட்டும்போது முதல் பக்கத்தில் உன் எழுத்து: 'பெர்லோ, 3 + 1'. நாம் அவர் வீட்டுக்கு முதல்முறை போன அன்று அலன் இரண்டு கையாலும் கதவைக் குத்தினான், நினைவிருக்கிறதா? உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவில் சாய்க்கிற சத்தம். அவர் திறக்க மாட்டார், போகலாம் என்றேன் நான். நீதான் அலனைக் கிள்ளிவிட்டுச் சாவித் துவாரத்தில் வாயை வைத்துச் சொன்னாய்: "மிஸ்டர் பெர்லோ, இனிமே நாங்க வந்தா மெதுவா மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு. அது நாங்கதான். வேற யாரும் இல்ல." அடுத்த வாரம் அப்படித் தட்டினோம், திறந்தார். அதற்குப் பிறகு நாம் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் தட்டினோம்.

அவரிடம் என்ன சொல்லட்டும்?

ரோண்டா


கிளீவ்லாண்ட்
ஜூன் 17

ரோண்டா,

பத்து நாளாக எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபெய்கேவின் நாள் எனக்குத் தெரியும்.

போன கோடையில் நான் முகாமுக்கு வரவில்லை, பல் கம்பி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஃபெய்கேவின் நினைவு நாள் ஜெபத்துக்கு ஆள் சேர்க்கும் வேலையை நான் ஒருத்தியே பார்த்தேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். பத்தாவது ஆள் என் அப்பா. அன்றைக்கு மத்தியானம்தான் பல் மருத்துவரிடம் நேரம் கொடுத்திருந்தார்கள், பக்கத்து ஊரில். அப்பா காரில் அழைத்துப் போனார். கம்பி போய்விட்டது. நாக்கால் தடவிக்கொண்டே வந்தேன், யாருடைய வாயோ மாதிரி இருந்தது. வழியில் சாலையோரம் சோளக்கதிர் வேக வைத்து விற்றார்கள். இரண்டு வருஷமாகக் கடித்துத் தின்ன முடியாத சோளம். "அப்பா, நிறுத்துங்க." "நேரமாச்சு மார்சி, பெர்லோ காத்திருப்பார்." "ஒரே ஒண்ணு." நிறுத்தினார். நான் மூன்று தின்றேன். அப்பா சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார்.

நாங்கள் ஜெபக்கூடம் வந்தபோது அவர் படியிறங்கிக் கொண்டிருந்தார். ஒன்பது பேரும் முக்கால் மணி நேரம் காத்திருந்து கலைந்துவிட்டார்கள். பத்துப் பேர் இல்லாமல் காதிஷ் கிடையாது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு என்னவோ சொன்னார், நான் காரிலிருந்து முழுதாக இறங்கக்கூட இல்லை, தலை நிமிரவில்லை. மறுநாள் காலையும் ஆள் சேரவில்லை, வேலை நாள். போன வருஷம் ஃபெய்கேவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் சோளத்தால்.

புத்தகத்தைத் தைத்துத் தருகிறேன் என்று நான் வாங்கிப் போனது இதற்குத்தான். ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்றிருந்தது. செய்த அழகைப் பார்.

போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் அப்பா எழுதியிருக்கிறார்: 'ஜூலை 10, 1973. மார்சியின் பற்களுக்கு விடுதலை.' சாயங்காலம் வந்துவிட்டாலே நமக்கு அடுத்த நாள் என்பதை மறந்துவிடாதே. அதனால் அது ஜூலை 11இன் கணக்கு. நம் நாள்காட்டியில் தம்மூஸ் மாதம் பதினொன்று. இரண்டு முறை பார்த்தேன். போட்டோவைத் தபாலில் திருப்பி அனுப்பாதே. கையில் கொடு, எப்போதாவது. அப்பாவின் கையெழுத்து என்னிடம் அதிகம் இல்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டாய். தினமும் காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு காதிஷ் சொல்ல அலனை எழுப்புகிறார்கள். நான் அவனைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வரும் சனிக்கிழமை அவனுக்குப் பதிமூன்று முடிகிறது. அதற்கப்புறம் பத்தில் ஒருவனாக அவனை எண்ணுவார்கள். நேற்றுவரை மூக்கை நோண்டிக்கொண்டிருந்தவன். நான் ஊரெல்லாம் ஓடி ஒன்பது பேரைச் சேர்ப்பேன், பத்தாவதாக நின்றால் நான் ஆள் இல்லை. அப்படித்தான் இருக்கிறேன்.

பெர்லோவிடம் என் பெயரைச் சொல். நான்தான் மறந்தேன் என்று சொல்.

மார்சி


ஹார்லன் ஃபால்ஸ்
ஜூன் 20. இரவு

மார்சி,

தம்மூஸ் பதினொன்று இந்த வருஷம் ஜூன் 30, ஞாயிறு மாலை தொடங்குகிறது. ஹோவி தனியாகக் கணக்குப் போட்டான், அதேதான். அவனிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, மண்வெட்டி அவன் வீட்டில்தான் இருந்தது.

ஆமாம், தோண்டிப் பார்க்கலாம் என்று போனோம். செவ்வாய் மாலை. ஹோவி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். "மாட்டிக்கிட்டோம்னா எங்கம்மா என்னையும் இங்கயே பொதச்சுருவாங்க. இடம் பிடிச்சு வெக்கட்டுமா?" மரத்தடிக்கு வந்தோம். மூன்று வாரமாக மழை. மண் உள்வாங்கி, மேலே புல் முளைத்திருந்தது. அந்தக் குழியைச் சுற்றி நின்று காதிஷ் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்ன பிறகு எப்படித் திறப்பது? ஹோவி மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான், யாரோ பார்க்கிற மாதிரி. திரும்பிவிட்டோம்.

பெரியவர்கள் கூட்டத்தில் செப்டம்பர் வரை அறையை விட்டுவைக்கிறார்களாம். "அதுவரைக்கும் ஏதும் தப்பு நடக்கலன்னா" என்று அப்பா சேர்த்துக்கொண்டார். சாப்பிடும்போது சொன்னார், உப்பை எடு என்று சொல்கிற குரலில்.

போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் நிழல் கீழே புல்லில் விழுந்திருப்பதைப் பார்த்தாயா? தொப்பியோடு.

நீ வாயேன். நீ வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம். நான் கதவைத் தட்டுகிறேன், பேசுவது நீ. எப்போதும் அப்படித்தானே செய்தோம். எனக்கு ஒரு ஆளிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது, மார்சி.

ரோண்டா


கிளீவ்லாண்ட்
ஜூன் 24

ரோண்டா,

வர முடியாது. அம்மாவிடம் கேட்டேன். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிறாள்.

அலனுடைய நாள் நன்றாக நடந்தது. வேதம் வாசிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை, என்னைத் தவிர.

நிழலை நான் கவனித்ததில்லை.

நீ போ. பட்டியல் எதுவும் கையில் எடுத்துப் போகாதே. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லாதே, உட்கார்ந்திரு. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நினைவிருக்கிறது.

மார்சி


ஹார்லன் ஃபால்ஸ்
ஜூன் 29, சனி. நள்ளிரவு தாண்டிவிட்டது

மார்சி,

போனேன். வியாழன் சாயங்காலம், தனியாக. மூன்று தட்டு, அப்புறம் ஒன்று. திறந்தார். அவருடைய செருப்புக் கடை மூடிப் பத்து வருஷம் ஆகியும் அவர் அறையில் கால் அளவு பார்க்கிற அந்தக் குட்டி முக்காலி இன்னும் இருக்கிறது. அவர் முள்ளங்கியைப் புளித்த கிரீமில் நறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்.

"உக்காரு. சாப்பிடறியா?"

நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். "மிஸ்டர் பெர்லோ, உங்க புத்தகத்த நாங்க புதைச்சுட்டோம்."

கரண்டியைக் கீழே வைத்தார். "நாங்கன்னா யாரு?"

"நான். என் கையால வெச்சேன். பழைய புத்தகம்னு நெனச்சு."

"டெப்லிட்ஸ் பொண்ணுகிட்டல்ல குடுத்தேன்."

"அவ பைண்டிங்குக்குத்தான் கட்டி வெச்சிருந்தா. அந்த வாரம் அவ அப்பா…"

"தெரியும். அந்த வாரம் நான் அங்கதான் உக்காந்திருந்தேன்." தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "வீட்டுக்குப் போ" என்றார்.

நான் கதவு வரைக்கும் போனேன், மார்சி. கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். அப்போது பனியில் இருந்த அந்தத் தடம் ஞாபகம் வந்தது. வந்து திரும்பிப் போன தடம். நான் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

"சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்புறம்?"

"உக்காந்திருக்கேன்."

வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. இரும்பாலைச் சங்கு ஊதியது. முள்ளங்கி கிரீமில் தண்ணீர் விட்டுக்கொண்டது. என் கால் மரத்துப் போன பிறகு அவர் பேசினார்.

"எங்க வெச்சீங்க?"

"வேலி ஓரம். மேப்பிள் மரத்தடி."

"காதிஷ் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. இருபது பேர் இருந்தாங்க."

"இருபது." அதை மட்டும் திரும்பச் சொன்னார். "கல் இருக்கா?"

"சின்னதா, செங்கல் அளவுக்கு. பேரு எதுவும் இல்ல. வருஷம் மட்டும்."

"நான் தோண்டி எடுத்துத் தரவா?" என்று கேட்டேன். "அப்பாகிட்ட சொல்லிட்டு, வெளிச்சத்துலயே."

கோலால் தரையைத் தட்டினார். "தொடக் கூடாது. உங்கப்பாகிட்ட சொல்லு, அங்க மண்வெட்டி எடுத்துட்டு வர்றவன் என்னையத் தாண்டித்தான் வரணும்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "முப்பத்திரண்டு வருஷமா கல்லறை மேல வெக்கன்னு ஒரு கூழாங்கல்லு எடுத்தா, அத எங்க வெக்கறதுன்னு தெரியாது எனக்கு. நாலு பேருக்கும் ஒரு சாண் மண்ணு எங்கயும் இல்ல. அவங்க பேர எழுதுன காகிதம் அங்க இருக்கு. இருபது பேர் நின்னு மூடியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை என்னைய அங்க கூட்டிட்டுப் போறியா?"

நான் தலையாட்டினேன். அவர் அழவில்லை, நான்தான்.

அதற்கு அப்புறம் தேதியைச் சொல்லி உன் போட்டோவைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். சத்தம் போட்டுச் சிரித்தார், மார்சி. "அன்னிக்கு ராத்திரி கோவமாத்தான் படி எறங்கினேன். கீழ பார்த்தா இந்தப் பொண்ணு கன்னமெல்லாம் சோளம், கார்ல பாதி வெளியில பாதி. டெப்லிட்ஸ் தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு, 'அடிக்கணும்னா என்னைய அடிங்க'ன்னான். எப்படிக் கோவப்படறது? ஃபெய்கேவும் சோளம்னா உயிர விடுவா. அன்னிக்கு நான் வீட்டுக்கு வந்து தனியா உக்காந்து அவள நெனச்சுச் சிரிச்சேன். இந்தப் பொண்ணுகிட்ட யாருமே சொல்லலையா இத?"

இல்லை, அவ ஒரு வருஷமா அதையே சுமந்துகிட்டு இருக்கா என்றேன்.

"முட்டாள் பொண்ணுங்க," என்றார். "நோட்டு வெச்சிருக்கியா?"

நீ எடுத்துப் போகாதே என்றாய், நான் கைப்பையில் வைத்திருந்தேன். மன்னித்துவிடு.

"எழுது. ஃபெய்கே பெர்லோ. தம்மூஸ் பதினொண்ணு. மத்த மூணு பேரோட பேரையும் சொல்றேன், எழுது."

"பட்டியல்ல ஏறக் கூடாதுன்னு சொன்னீங்களே."

"அது ஆளக் கொண்டுபோற பட்டியல். இது ஆளக் கூப்பிடற பட்டியல். எழுது."

நான்கு பெயரும் எழுதினேன்.

நாளைக் காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சாவியை வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு அது இப்போது இரண்டாவது பயம். முதல் பயம் இது: நாளை சாயங்காலம் ஜெபத்துக்கு ஒன்பது பேர்தான். ஜூன் கடைசி ஞாயிறு, பாதிப் பேர் ஏரிக்குப் போய்விட்டார்கள். ஓய்வுநாள் முடிந்ததும் போனை எடுத்தவள் பதினொன்றரைக்குத்தான் வைத்தேன். அப்பா, ஹோவி, ஹோவியின் அப்பா, பெர்லோ எல்லாரையும் சேர்த்து ஒன்பது. மேலிருந்து கீழே எண்ணினேன், கீழிருந்து மேலே எண்ணினேன். ஒன்பது. இரண்டாவது வருஷமும் அவரைப் படியிறங்க விட முடியாது. பக்கத்து ஊர் ஜெபக்கூடத்தில் யாரையாவது

யாரோ தட்டுகிறார்கள். அப்பாவா? இல்லை, மாடியிலிருந்து இல்லை. கொல்லைக் கதவு. மணி ஒன்றாகப் போகிறது. விளக்கை அணைத்துவிட்டேன், இருட்டில் எழுதுகிறேன்.

மெதுவாக மூன்று. அப்புறம் ஒன்று.

பின்னாலேயே இன்னொருவர் இரண்டு கையாலும் கதவைக் குத்துகிறார், "ஆவ்" என்கிறார், யாரோ கிள்ளினாற்போல